அலைவீச்சு

அலைவீச்சு அல்லது வீச்சு என்பது, அதிர்வுறும் பொருளோ அலையோ தனது சமநிலையிலிருந்து ஒரு பக்கமாக அடையும் பெரும விலகலின் அளவாகும். அலையின் முகட்டிலிருந்து அகடு வரையுள்ள முழு அளவு வீச்சு அன்று. அதில் பாதியே வீச்சு. மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே.

அளவிடும் முறை

ஓர் ஊசல் குண்டு நடுநிலையிலிருந்து வலப்புறம் 5 செ.மீ., இடப்புறம் 5 செ.மீ. சென்று திரும்புகிறது எனக் கொள்வோம். அது கடக்கும் அகலம் 10 செ.மீ. ஆனாலும் அதன் வீச்சு 5 செ.மீ. மட்டுமே. கடல் அலையின் உயரம் அகட்டிலிருந்து முகடு வரை அளக்கப்படுகிறது. ஆகவே 4 மீட்டர் உயரமுள்ள ஒரு சைன் வடிவ அலையின் வீச்சு 2 மீட்டர்.

வீச்சின் அலகு, எது அலைவுறுகிறது என்பதைப் பொறுத்தது. கம்பியின் அதிர்வுக்கு மீட்டர், காற்றில் ஒலியின் அழுத்த மாற்றத்துக்குப் பாஸ்கல், மின்னழுத்தத்துக்கு வோல்ட் என அது மாறும்.

முக்கோணவியல் சார்புகளில்

ம = அ × சைன் (ஆ × க) + இ என்ற சார்பில் க என்பது கோணம், ம என்பது சார்பின் மதிப்பு. சைன் மதிப்பு −1 முதல் 1 வரை மட்டுமே மாறுவதால், இச்சார்பின் வீச்சு 'அ' என்ற எண்ணின் குறியற்ற மதிப்பாகும். 'ஆ' அலைவு எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதையும், 'இ' நடுக்கோடு எங்குள்ளது என்பதையும் காட்டும். இவ்விரண்டும் வீச்சை மாற்றுவதில்லை.

எடுத்துக்காட்டாக, 3 சைன் க + 2 என்ற சார்பு −1 முதல் 5 வரை மாறும். பெரும மதிப்பிலிருந்து சிறும மதிப்பைக் கழித்து இரண்டால் வகுத்தால் 3 கிடைக்கும், அதுவே வீச்சு. −3 சைன் க என்பதன் வீச்சும் 3 தான். வீச்சு ஒருபோதும் எதிர்க்குறி பெறாது.

3 சைன் க + 4 கோசைன் க என்பதன் வீச்சு 7 அன்று, 5. சைன் தன் பெரும மதிப்பை அடையும்போது கோசைன் சுழியாக இருப்பதால் இரண்டின் உச்சங்களும் ஒரே கோணத்தில் சேர்வதில்லை. 9, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 25-இன் வர்க்கமூலமே இங்கு விடை. டேன்ஜென்ட் சார்புக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் இல்லாததால் அதற்கு வீச்சு கிடையாது.

வீச்சும் ஆற்றலும்

அதிர்வெண் மாறாதபோது அலை சுமக்கும் ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வீச்சு 2 மடங்கானால் ஒலிச் செறிவு 4 மடங்காகும். 3 மடங்கானால் 9 மடங்காகும்.

வீட்டு மின்சாரத்தில்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் குறிக்கப்படுகிறது. இது வீச்சு அன்று. சராசரி இருமடி மூல மதிப்பு. சைன் அலைக்கு இம்மதிப்பை 2-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.414 ஆல் பெருக்கினால் வீச்சு கிடைக்கும். அதன்படி வீச்சு ஏறத்தாழ 325 வோல்ட். மின்னழுத்தம் ஒவ்வொரு நொடியும் 50 முறை +325 வோல்ட்டையும் 50 முறை −325 வோல்ட்டையும் தொடுகிறது.

இந்த வேறுபாடு கணக்கோடு நிற்பதில்லை. மின்னிணைப்பிலிருந்து நேரடியாக இயங்கும் அலைதிருத்தியை அடுத்துள்ள மின்தேக்கி, ஏறத்தாழ இந்த உச்ச அளவு வரை மின்னேற்றம் பெறும். 230-ஐ மட்டும் பார்த்து 250 வோல்ட் தாங்கும் மின்தேக்கியை அங்கே பொருத்தினால் அது பழுதாகும், வெடிக்கவும் கூடும். இத்தகைய சுற்றுகளில் 400 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகள் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.