மூடியைக் கழற்றாமல் ஒரு படம்

கேமராவின் மூடியைக் கழற்றாமல் படம் எடுத்தால் வீட்டில் சிரிப்பார்கள். விண்மீன் திரள்களைப் படம் பிடிப்பவர்களோ வேண்டுமென்றே அப்படி இருபது, முப்பது படங்கள் எடுப்பார்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எம்51 என்றொரு விண்மீன் திரள். நம்மிடமிருந்து ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு தூரம். 1773-இல் பிரான்சின் சார்ல் மெசியே இதைக் கண்டபோது மங்கலான ஒரு திட்டாகத்தான் தெரிந்தது. 1845-இல் அயர்லாந்தில், பிர் கோட்டைத் தோட்டத்தில், ரோஸ் பிரபு ஆறடி அகல ஆடி வைத்த பிரம்மாண்டமான தொலைநோக்கியை நிறுவினார். அதில் பார்த்த பிறகுதான் அந்தத் திட்டு சுருள் சுருளாக இருப்பது புரிந்தது. பார்த்ததைக் கையாலேயே வரைந்து வைத்தார்.

இன்று எட்டங்குல ஆடியுள்ள தொலைநோக்கியோடு அதே சுருளைப் படம் எடுக்கிறார்கள், ரோஸ் பார்த்ததைவிடத் தெளிவாக! நம் கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயடியில் வைத்த வாளி விடிவதற்குள் நிரம்பிவிடுகிறதே, அந்த மாதிரி.

ஆனால் பூமி சும்மா இருக்காதே! மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. தொலைநோக்கியை அப்படியே விட்டால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக இழுபட்டுவிடும். அதனால் ஒரு மோட்டார், வானத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். படம் எடுப்பதில் பாதிப் பாடு இதைச் சரிசெய்வதுதான்.

மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக நூறு படங்கள் எடுத்தால் ஐந்து மணி நேர ஒளி கிடைக்கும். ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக, பார்க்கச் சகிக்காது. கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தால், இடம் மாறி மாறி விழுந்த புள்ளிகள் அமுங்கிப்போகும்; எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் சுருள் மேலே வரும். சில புள்ளிகள் மட்டும் இடம் மாறாமல் அடம்பிடிக்கும். அவை கேமராவின் சொந்தக் குறைகள். மூடி போட்டு எடுத்த படத்தில் அவை மட்டுமே தெரியும். அதைக் கழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது!

பிறகு வண்ணம் தெரியத் தொடங்கும். சுருள் கைகளில் நீலமாக இருப்பவை இளம் நட்சத்திரங்கள். ரோஜா நிறப் பொட்டுகள், புது நட்சத்திரங்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்கள். ஒரு கையின் நுனியருகே இன்னொரு சிறிய விண்மீன் திரளும் இருக்கும். அதன் ஈர்ப்பு இழுத்ததால்தான் எம்51-இன் கைகள் இத்தனை எடுப்பாக இருக்கின்றன.

மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். வால் நுனியில் மரீசி. அதிலிருந்து உங்கள் கையை நீட்டி இரண்டு விரல் அகலம் தள்ளிப் போனால் எம்51 இருக்கும் இடம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் பைனாகுலர் வைத்துத் தேடுங்கள்.