பையன் தேறுவானா சார்?

பம்மலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் தூங்குகிறவர் யாராவது இருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம். தெருவிலே தண்ணீர் லாரி. இரண்டுக்கும் தப்பித்தால் காலிங்பெல்.

அன்றைக்கு பெல் அடித்தவர் எதிர்வீட்டுக்காரர். ஒரு கையில் மகனுக்கு வந்த வேலை உத்தரவு. இன்னொரு கையில் மகன்.

"சார், நீங்க பி.காம். படிச்சவர். பத்திரிகையில வேற எழுதறீங்க. ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க... பையன் தேறுவானா?"

விஷயம் இதுதான். பையன் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் கடைசி வருஷம். இடது கை வேகப்பந்து வீச்சாளன். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி வேலை கொடுத்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும். பையனோ, "ரெண்டு வருஷம் டைம் குடுங்கப்பா. முழு நேரமும் கிரிக்கெட்தான். ஐ.பி.எல். ஏலத்துல பேர் வர்ற அளவுக்கு வந்துடறேன்" என்கிறான். அப்பாவுக்கு மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

"நீங்களே சொல்லுங்க அங்கிள்" என்றான் பையன்.

எனக்கு வயது முப்பத்தைந்து. அந்த 'அங்கிளை' மன்னித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பி.காம். மூளைதான் வேலை செய்தது. 2025 சீசனுக்கான பெரிய ஏலம் 2024 நவம்பரில் சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடந்தது. பேர் கொடுத்தவர்கள் 1574 பேர். விலை போனவர்கள் 182 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு கூடத் தேறவில்லை!

"அப்ப வேலைக்கே போகட்டும்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

"உட்காருங்க சார். கணக்கு இன்னும் முடியலை."

அமெரிக்காவில் ஒரு பெண் பார்க்கும் படலம்

காலேஜ் ஆட்டக்காரனை எடைபோட்டு எடுப்பதை ஒரு பெரிய தொழிலாகவே நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய ஃபுட்பால் நம்ம ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். அதிலே குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று செகண்டில் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் நூற்றிருபது கிலோ ஆசாமிகள் அவர் மேல் விழுவதற்கு ஓடி வந்துகொண்டிருப்பார்கள். (மார்ச் 31-ம் தேதி அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.)

வருஷா வருஷம் காலேஜ் பையன்களை ஓர் இடத்துக்கு வரவழைத்து, ஓடு, தாண்டு, எறி என்று சோதிப்பார்கள். உள்ளங்கை எத்தனை அங்குலம் என்றுகூட அளப்பார்கள். 'பாடத் தெரியுமா?' என்று கேட்பது ஒன்றுதான் பாக்கி. அப்புறம் அணிகள் வரிசை போட்டு ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும்.

1998-ல் அப்படி இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர் ரயன் லீஃப் என்ற குவார்ட்டர்பேக். ஓகோவென்று வருவார் என்றார்கள். சில சீசன்களிலேயே மூட்டை கட்டிவிட்டார். 2000-ல் டாம் பிரேடி என்று ஒரு பையன் வந்தான். 40 கஜம் ஓட 5.28 செகண்ட்! அந்த உலகத்தில் அது மாட்டுவண்டி வேகம். 198 பேரை எடுத்த பிறகு, போனால் போகிறதென்று 199-வது ஆளாக எடுத்தார்கள். அவனுக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தார்கள். அந்த மாட்டுவண்டிதான் பிற்பாடு ஏழு தடவை சூப்பர் பவுல் கோப்பையை ஜெயித்தது.

அளந்தது தப்பில்லை. ஓட்டத்தை அளந்தார்கள், சரியாகவே அளந்தார்கள். ஆனால் ஓர் அடி விழுந்த பிறகு, அடுத்த தடவை பந்து கைக்கு வரும்போது பையன் என்ன செய்வான்? அதை அளக்க டேப் இல்லை.

25 ரன் கொடுத்த ஓவர்

"அமெரிக்கா எதுக்கு சார் நமக்கு?" என்றார் அப்பா. நியாயம்தான். தாம்பரம் தாண்டிக் காட்டாங்குளத்தூர் வரைக்கும் போனால் போதும்.

அங்கே எஸ்.ஆர்.எம்.மில் ஆர்க்கிடெக்சர் படித்தவர் வருண் சக்கரவர்த்தி. பள்ளிக்கூட நாளில் விக்கெட் கீப்பர். யாரும் தேர்ந்தெடுக்காததால் பதினேழு வயதில் கிரிக்கெட்டுக்குக் கும்பிடு போட்டார். பட்டம் வாங்கினார், வேலை பார்த்தார், டென்னிஸ் பந்தில் ஆடினார். இருபத்தைந்து வயது வாக்கில் மறுபடி ஆசை பிடித்து வேகப்பந்து போட வந்தார். முழங்கால் போயிற்று. சரி, ஓடாமல் போடலாமே என்று சுழற்பந்துக்கு மாறினார். 2017-18-ல் சென்னை லீக்கின் நாலாவது டிவிஷனில் ஏழு மேட்ச், 31 விக்கெட். 2018-ல் டி.என்.பி.எல். கோப்பையை ஜெயித்த மதுரை அணியில் இருந்தார். அந்த டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் எடுத்த விலை எட்டு கோடியே நாற்பது லட்சம்!

இப்போது கவனியுங்கள். 2019 மார்ச், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஐ.பி.எல்.லில் அவர் போட்ட முதல் ஓவர். கொல்கத்தா விளாசியது. 25 ரன்! அன்றைக்கு ராத்திரி டீக்கடையில் "எட்டு கோடி தண்டம்" என்று தீர்ப்பு சொன்னவர்களில் அடியேனும் ஒருவன்.

ஆனால் அன்றைய முழுக் கணக்கு என்ன? மூன்று ஓவர், 35 ரன், ஒரு விக்கெட். அதாவது 25 ரன் வாங்கிய அதே ஆள், அதே ராத்திரி, அடுத்த இரண்டு ஓவரில் பத்தே ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுத்திருக்கிறார். நாங்கள் டீக்கடையில் முதல் ஓவரைப் பார்த்தோம். அவரை எடைபோட வேண்டிய இடம் மற்ற இரண்டு ஓவர்.

அந்த சீசனில் அவருக்கு அந்த ஒரு மேட்ச்தான். பஞ்சாப் கைகழுவியது. அடுத்த ஏலத்தில் நாலு கோடிக்கு அவரை எடுத்தது யார் தெரியுமா? அடித்து நொறுக்கிய சாட்சாத் அதே கொல்கத்தா! 2020-ல் 17 விக்கெட். 2021 உலகக் கோப்பையில் மூன்று மேட்ச், ஒரு விக்கெட்டும் இல்லை. வெளியே அனுப்பினார்கள். பந்தைச் சுழற்றுகிற விதத்தையே மாற்றிக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து 2024 அக்டோபரில் இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். சாம்பியன்ஸ் கோப்பையும் வந்தது.

விலை வேறு, மதிப்பு வேறு

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் மூன்று கோடி. ஆறு மேட்ச், இரண்டே விக்கெட். 2018-ல் விலை 40 லட்சமாகச் சரிந்தது. ஹைதராபாத்தில் இரண்டு சீசன் பெஞ்சு தேய்த்தார். 2020-ல் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். ஒரே டூரில் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம். 2024 நவம்பரில் டெல்லி கொடுத்த விலை பத்தே முக்கால் கோடி. ஷேர் மார்க்கெட் கூட இப்படி ஏறி இறங்காது!

சாய் சுதர்சன் கதை இன்னும் வேடிக்கை. 2022-ல் குஜராத் எடுத்தது வெறும் 20 லட்சத்துக்கு. 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம். பெரிய கடையைவிடச் சின்னக் கடையில் விலை அதிகம்! அந்த வருஷ ஐ.பி.எல். ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. 2025-ல் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி.

ஏலத்தில் விலை ஏறுவது வாங்குகிறவனுடைய அவசரத்தால். 'எங்கிட்ட இடது கை பௌலர் இல்லை, பையில பணம் பாக்கி இருக்கு' என்று ஒருவன் நினைத்தால் விலை ஏறும். அவனுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தால் ஏறாது. பையன் அதே பையன்தான். நம்ம ஆபீஸ் இன்க்ரிமென்ட்டும் ஏறத்தாழ இப்படித்தானே!

பம்மல் தீர்ப்பு

பையனோடு மைதானத்துக்குப் போனேன். நல்ல வேகம்தான். ஆனால் அங்கே ஒரு பரோட்டா மாஸ்டர் பேட் பிடித்தார். முதல் பந்து, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது. பையன் கோபத்தில் இன்னும் வேகமாகப் போட்டான். அதுவும் கூரைக்கே போனது. மூன்றாவது பந்துக்கு முன்னால் நின்றான். பந்தைத் துடைத்தான். ஃபீல்டரை நாலடி தள்ளி நிற்கச் சொன்னான். வேகத்தைக் குறைத்து காலடியில் போட்டான். விக்கெட் விழவில்லை. ரன்னும் இல்லை.

திரும்பி வரும்போது சொன்னேன். "தம்பி, வருணும் கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டவர்தான். ஆனா விடறதுக்கு அவர்கிட்ட ஒரு வேலை இருந்தது. நீ வேலையில சேரு. ஞாயித்துக்கிழமை ஆடற லீக் டீமாப் பார்த்துச் சேரு. கஷ்டம்தான். பஸ்ல தூங்குவே, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுவே. ரெண்டு வருஷத்துல ஒரு டிவிஷனாவது மேல ஏறினா, அப்ப வேலையை விடறதைப் பத்தி உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

பையன் முகம் சுருங்கியது. "டயர்டா வந்து பௌலிங் போட்டா வேகம் குறையும் அங்கிள்" என்றான். உண்மைதான், மறுக்கவில்லை. "மூணாவது பந்து வேகமா போட்டியா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அந்த உத்தரவுல எந்தத் தேதிக்குள்ள பதில் போடணும்?" என்றான்.

வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார் அப்பா.

"பார்த்தீங்களா சார்? கடைசியா சொல்லுங்க. தேறுவானா, மாட்டானா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப, 'மாப்பிள்ளை தேறுவார்'னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

அவர் எதிர்வீட்டை, அதாவது தன் வீட்டை, ஒரு பார்வை பார்த்தார். உள்ளே மிக்ஸி சத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இருபத்தி நாலு வருஷம் ஆச்சு சார். இன்னும் ரிசல்ட் வரலை!"