பால் தொட்டியில் புகும் வைரஸ்

பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களைத் தாக்கி அழிக்கும் வைரஸ்கள் உண்டு. பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், எனப்படும் இவற்றை 1915இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ட்வார்ட்டும், 1917இல் பாரிசில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரேலும் தனித்தனியே கண்டு விவரித்தனர். மனித உயிரணுக்களை இவை தாக்குவதில்லை. ஆயினும் பாலாடைக்கட்டித் தொழிலுக்கு இவற்றைவிடக் கொடிய பகை வேறில்லை எனலாம்.

செட்டார் பாலாடைக்கட்டி செய்யும்போது பாலில் இடும் உறையில் லாக்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இருக்கிறது. அது பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றினால்தான் கட்டி பதமாக உருவாகும். நியூசிலாந்துத் தொழிற்சாலைகளில் நன்றாகப் புளித்துவந்த பால் திடீரெனப் புளிப்பேறாமல் நின்றுபோனதை ஆராய்ந்த வைட்ஹெட், காக்ஸ் ஆகிய இருவரும், அதற்குக் காரணம் ஃபேஜே என 1935இல் அறிவித்தனர். ஃபேஜ் தன் வாலால் பாக்டீரியாவின் மேற்சுவரைப் பற்றிக்கொண்டு, தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. ஒரு பாக்டீரியா ஒருமுறை இரண்டாகப் பிரிவதற்கு ஆகும் ஏறத்தாழ அதே நேரத்திற்குள் அதனுள் பல பத்து ஃபேஜ்கள் உருவாகி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. 72 பாகை செல்சியசில் 15 வினாடி சூடாக்கும் பாஸ்ச்சரைசேஷன் முறைக்கும் பல ஃபேஜ்கள் தப்பிவிடுகின்றன என்பதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. கட்டியிலிருந்து வடியும் தெளிநீரில் இவை பெருகிக் கிடப்பதால், அதன் நுண்துளிகள் காற்றில் பரவினாலே அடுத்த தொட்டியும் பாழாகும். அமிலம் ஊறத் தாமதமானால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை; பாலில் இருக்கக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பெருகி, சூட்டிலும் எளிதில் அழியாத நச்சைச் சுரக்க வாய்ப்பு ஏற்படுகிறது.

இதனாலேயே தொழிற்சாலைகள் ஒரே உறையைத் தொடர்ந்து இடாமல், வெவ்வேறு ஃபேஜ்களுக்கு இலக்காகும் உறைகளை மாற்றி மாற்றி இடுகின்றன. தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், தன்னைத் தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ. துண்டுகளைத் தன் மரபுத்தொகுதியில் சேர்த்துவைத்து மறுதாக்குதலைத் தடுக்கிறது என்பதை 2007இல் பாராங்கு, ஹார்வத் உள்ளிட்டோர் நிறுவினர். இன்று மரபணுத் திருத்தத்திற்குப் பயன்படும் கிரிஸ்பர் என்னும் அமைப்பு இதுவே. உறையைக் காக்க நடந்த ஆய்வு உயிரியலுக்கே இவ்வளவு பெரிய கொடையை அளித்தது வியப்புக்குரியது.

ஒரு ஃபேஜ் தனக்குரிய ஒருசில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். இந்தக் குணத்தை நம்பியே, உண்ணத் தயாரான இறைச்சியில் லிஸ்டீரியா கிருமியை ஒழிக்க ஃபேஜ் கலவையைத் தெளிப்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதி வழங்கியது. லிஸ்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் லாக்டோகாக்கஸைத் தொடாது என்பதால் பாலாடைக்கட்டியின் மேற்பரப்பிலும் அதைத் தெளிக்கலாம்; எனினும் அது தூய்மைக்குத் துணையே அன்றி மாற்று அன்று.