சாயல் ஒன்று, பறவை வேறு!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பல பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. ராணுவத்தில் அந்தப் பக்கம் வேலை பார்த்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், ஒரு டிசம்பர் மாதம் எடுத்த சில படங்களை எனக்குக் கொடுத்தார். எல்லாவற்றிலும் மணல் நிறத்தில் ஒரு குருவி! ஒரே குருவியா, வேறு வேறா? நூலகப் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள்!

எதிரியின் கண்ணில் படாமலிருக்க, பாலைவனப் பறவைகள் பலவும் மண்ணின் நிறத்திலேயே இருக்கின்றன. போதாக்குறைக்கு மாலை வெயிலில் படம் எடுத்தால் எல்லாம் செம்மண்ணாய்த் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் வெளுத்துப் போகும். எங்க அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மந்தையில் கலந்த நம்ம ஆட்டைச் சட்டென்று பிரித்துவிடும். எப்படி என்று கேட்டால், "நெறத்தை ஏன்டா பாக்குறே? கொம்பைப் பாரு, காதைப் பாரு, நிக்கிறதைப் பாரு" என்று சொல்லும். பறவைக்கும் அதே பாடம்தான்.

வால்தான் சாட்சி

படங்களில் இருந்தவை வீட்டியர் என்னும் பறவைகள். நம்மூர் வேலியோரம் வாலைத் தூக்கி நிற்கும் கருஞ்சிட்டின் குடும்பம்தான். பாலைவன வீட்டியரில் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. தொண்டை கறுப்பு, அந்தக் கறுப்பு கழுத்தோரமாகப் போய் இறக்கைக் கறுப்போடு சேர்ந்துவிடும். பெண்ணுக்குக் கறுத்த தொண்டை இல்லை. அதனால் இசபெல்லைன் வீட்டியரோடு குழம்பிவிடும்.

அப்போது வாலைப் பாருங்கள். பாலைவன வீட்டியரின் வால் கிட்டத்தட்ட அடிவரை கறுப்பு. இசபெல்லைனுக்கு வாலின் அடிப்பகுதி வெள்ளை, நுனிப்பக்கம் அகலமான கறுப்புப் பட்டை. அது அட்டென்ஷனில் நிற்பதுபோல் நிமிர்ந்தும் நிற்கும்.

துணையினம் என்னும் சிக்கல்

ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு இருந்தால் அதைத் துணையினம் என்கிறார்கள். லடாக், திபெத் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரிக்கும் பாலைவன வீட்டியர் சற்றுப் பெரியது. இறகுகளின் உட்பக்கம் வெள்ளை அதிகம். ஆனால் படத்தில் ஸ்கேல் கிடையாதே, பெரிதா சிறிதா என்று எதை வைத்து அளப்பது? இறக்கை விரிந்திருந்தால் ஒழிய அந்த வெள்ளையும் தெரியாது. ஆகவே உட்கார்ந்திருக்கும் படத்துக்கு "பாலைவன வீட்டியர்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

இதில் என்ன பெரிய லாபம்?

"குருவியைப் பாத்து என்ன சம்பாதிக்கப் போறே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குளிர்காலத்தில் தார் பாலைவனத்துக்கு வரும் மக்குவீன் கானமயில், வட ஆப்பிரிக்காவின் ஹூபாரா கானமயிலின் துணையினம் என்றே முன்பு எழுதினார்கள். இப்போது இரண்டும் தனித்தனி இனம். ஹூபாராவின் கொண்டை வெள்ளை. மக்குவீனுக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்தது. இரண்டுமே வேட்டையால் குறைந்து, அழியும் ஆபத்தில் உள்ளவை. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், ஒன்று தேய்ந்துகொண்டே போவது கணக்கில் தெரியாமலே போய்விடும். எடுத்த இடமும் தேதியும் எழுதிய பழைய படங்கள்தான் இங்கே கைகொடுக்கின்றன.

நம் பட்டறையிலும் இதே கதைதான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஷாஃப்டில் ஒன்று பேரிங்கில் பொருந்தும், மற்றது பொருந்தாது. "ஏறக்குறைய சரி" என்று கையெழுத்துப் போட முடியுமா?

நினைவில் வைக்க:

1. முதலில் வால், இறக்கை, நிற்கும் விதம், கடைசியில் நிறம்.
2. ஒரு பறவைக்கு ஒரு படம் போதாது, பறக்கும்போதும் எடுங்கள்.
3. இடம், தேதி எழுதாத படம் பாதிப் படம்.
4. ஆதாரம் எங்கே நிற்கிறதோ, பெயரும் அங்கேயே நிற்கட்டும்.

"தெரிந்தது இவ்வளவுதான்" என்று சொல்லப் பழகுவதும் ஒரு படிப்புதான் நண்பர்களே. வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்போதைக்கு என்னிடமுள்ள பதில் அதுவே!