குளம் ஊருக்குப் பொது, மீன் யாருக்கு?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலும் குளமுமாக இருக்கும் ஊர் இலஞ்சி. இப்பகுதிக் குளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டால், சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும்போது மீன் பிடிக்கலாம்.

விலை கிடைக்கும் காலமும் அதுதான். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அது முடியுமுன் கேரளத்தில் 52 நாள் தடை தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. கடல் மீன் வரத்து குறைய, குளத்து மீனுக்குக் கிராக்கி கூடுகிறது. கூடவே குற்றால சீசன் கூட்டமும் வருகிறது.

இந்த லாபம் யாருக்குப் போகிறது? குளத்து மீன்பாசி குத்தகை ஏலத்துக்கு வருகிறது. முன்பணம் கட்ட வசதி உள்ளவர் எடுக்கிறார். சேற்றில் இறங்கி வலை இழுப்பவருக்கு அன்றைய கூலி மட்டுமே.

சொந்தமாகக் குளம் வெட்டலாமே என்பார்கள். 2020ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 40. ஒரு ஹெக்டேர் குளம் வெட்ட 7 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டால் மானியம் 4.20 லட்சம். மீதி 2.80 லட்சத்தை நாம் போட வேண்டும். அதற்கும் முன்னால் பட்டாவோ, நீண்டகாலக் குத்தகைப் பத்திரமோ காட்ட வேண்டும். நிலமற்ற குடும்பத்துக்கு அந்த 60 சதவீதம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியது, பொதுக் குளம் எல்லோருக்கும் உரியது என்று நிலைநாட்டத்தான். நீரில் உள்ள உரிமை, அந்த நீர் தரும் வருமானத்திலும் வேண்டும்.

நிலம் இல்லாத நமக்குப் பொதுக் குளமே வழி. தனியாளாக முடியாததை மகளிர் குழுவாக, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து செய்யலாம். ஏல நாளையும் குழுக்களுக்கான விதிகளையும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்போம். குத்தகை கிடைத்தால், ஒரே நாளில் மொத்தமாகப் பிடித்து வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளாமல், வாரம் கொஞ்சமாகப் பிடித்துக் கரையிலேயே உயிர் மீனாக எடைபோட்டு விற்கலாம்.

உலக அளவில் 2022ல் வளர்ப்பு மீன் உற்பத்தி, பிடிக்கும் மீனை முதன்முறையாக முந்தியது. இது வளரும் தொழில். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் 2 அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதன் விண்ணப்பத் தேதியையும் குறித்துக்கொள்ளட்டும்.