மதியும் மீனும் மணமும்

அன்புடையார் உறவை வானொடும் உலகொடும் பொருத்திக் காணும் மரபு தமிழில் இருவகைப்படும். ஒன்று அளவு பற்றியது. மற்றொன்று காலம் பற்றியது. முன்னையதற்குக் குறுந்தொகை மூன்றாம் பாட்டே சான்றாக எப்பொழுதும் எடுத்துக்காட்டப்பெறுகின்றது. தோழி தலைவனைப் பழிக்க, தலைவி அவனோடு கொண்ட நட்பை நிலத்தின் பரப்பினும் வானின் உயரத்தினும் நீரின் ஆழத்தினும் மிக்கதாகக் கூறுகின்றாள். உலகத்தை ஐம்பூதக் கலப்பு என்னும் தொல்காப்பிய மரபியல். அவ்வைந்தனுள் தீயும் வளியும் இப்பாட்டில் இடம்பெறவில்லை. அளந்து காண முயல்வதற்குரிய வடிவம் அவற்றிற்கு இன்மையின் புலவர் அவற்றை விடுத்தார் என்பது எம் கருத்து. (பாடிய தேவகுலத்தார் பெயரைக் கண்டு, திருநெல்வேலியிலிருந்து பனவடலிசத்திரம் வழியே சங்கரன்கோயில் செல்லும் சாலையிலுள்ள தேவர்குளத்தை நினைப்பாரும் இருக்கலாம். தேவகுலம் என்பது கோயிலைக் குறிக்கும் சொல். ஒலியொப்புமையன்றி வேறு சான்று இல்லை.)

யாம் ஈண்டு ஆராய விழைவது பின்னையதே. அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் இரண்டும் மணவிழாவை விரித்துரைப்பன. இரண்டும் தலைவன் கூற்றே. முன்னதில் வாயில் மறுத்த தோழிக்கும், பின்னதில் ஊடல் தணியாத தலைவியை எண்ணித் தன் நெஞ்சிற்கும் அவன் பழைய மணநாளை நினைந்து கூறுகின்றான். அந்நினைவில் பந்தரும் விருந்தும் முதலிரவின் நாணமும் மட்டுமல்ல, அன்றைய வானும் உள்ளது. 136 ஆம் பாட்டு, திங்கள் சகடத்தைக் கூடிய நாள் எனத் தெளிவாகவே கூறும். சகடம் என்பது உரோகிணி. இரு பாட்டிலும் எரிவலம் இல்லை. மறை ஓதுவார் இல்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் பார்ப்பானும் தீவலமும் தோன்றுகின்றன. மதி சகடணைதல் மட்டும் மாறாது நிற்கின்றது. எனவே, மணத்திற்கு நாள்மீன் நோக்கும் வழக்கம் தீச்சடங்கோடு ஒருங்கே புகுந்தது என்பார் கூற்றை அவ்வாறே ஏற்றல் இயலாது. இருபாற் சான்றும் உள்ள அகப்பாடல்கள் சிலவே என்பதையும் மறத்தலாகாது.

இனி, அச்சேர்க்கை வானில் எவ்வாறு நிகழ்கின்றது? திங்கள் ஏறத்தாழ 27.3 நாட்களுக்கு ஒருமுறை உரோகிணியை அடையும். ஆயின் எல்லா ஆண்டும் ஒரே நெருக்கத்தில் அடைவதில்லை. சில ஆண்டுகளில் வண்டி வடிவான அம்மீன் குழுவின் ஊடே செல்லும்; வேறு சில ஆண்டுகளில் வடக்கே நன்கு விலகிச் செல்லும். இம்மாற்றம் மீள 18.6 ஆண்டுகள் ஆகும். புலவர் கண்ட நாள் நெருங்கிய ஆண்டினதோ எனக் கேட்கத் தோன்றுகின்றது. விடை காண வழியில்லை. உண்மையில் அக்கூட்டம் கண்ணுக்கு மட்டுமே கூட்டம். திங்கள் நமக்கு 3,84,400 கிலோமீட்டர் தொலைவினது. அதன் ஒளி நம்மை அடைய 1.3 நொடி போதும். செம்மீனாகிய உரோகிணியின் ஒளிக்கோ ஏறத்தாழ 65 ஆண்டுகள் வேண்டும். அதனைச் சூழ்ந்து தோன்றும் சிறு மீன்கள் அதனினும் இருமடங்கிற்கு மேற்பட்ட தொலைவின.

வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்த பனவடலிசத்திரத்து வெளியில் நின்று மார்கழி முன்னிரவில் நோக்குவார்க்கு உரோகிணி உச்சிக்குச் சற்று வடக்கே செல்லக் காணலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அஃது உச்சியை ஓரிரு பாகை இடைவெளியிலேயே கடந்தது. தென்பாண்டி நாட்டார் அம்மீனைத் தலைக்குமேல் கண்டவர் என்பது உரையாசிரியர் எவரும் கூறாத செய்தி, ஆயினும் கருதத்தக்கது.

இவ்வட்டாரத்தில் வேறொரு மீனும் காத்திருப்பிற்கு உரியதாயிற்று. சங்கரன்கோயிலில் அரியும் அரனும் ஓருருவாகக் காண விழைந்து கோமதியம்மை தவம் இயற்றியதாகப் புராணம் கூறும். அத்தவக்காட்சி ஆடி உத்திராடத்தில் நிகழ்கின்றது. ஆடியில் ஞாயிறு கடகத்தில் நிற்கும். உத்திராடத்தின் பெரும்பகுதி அதற்கு நேர் எதிரான மகரத்தில் உள்ளது. ஆகலின் அம்மீனைச் சேரும் திங்கள் முழுமதியாகவோ அதனை ஒட்டியதாகவோ இருக்கும். அகப்பாட்டில் மதி மீனைச் சேரும் நாளுக்குச் சுற்றத்தார் காத்தனர். இங்கே அம்மையே ஒற்றைக் காலில் நின்று காத்திருக்கின்றாள்.