சரிவும் கிடையும்: மலைநில அளவையில் ஒரு செங்கோண முக்கோணி

திரிகோணகணிதம் கரும்பலகைக்கு மட்டுமே உரியதன்று. நுவரெலியா மாவட்டத்து ராகலையின் தேயிலைச் சரிவுகளில் அது உழைப்பின் அளவு பற்றிய வினாவாகவும் எழுகின்றது.

நில அளவைப் படம் பரப்பைக் கிடைத்தளத்திலேயே காட்டும். 1802 இல் பரங்கிமலையருகே லாம்ப்டன் அளந்த அடிக்கோடும் கிடைத்தூரமாக மாற்றியே கணிக்கப்பட்டது. சரிவையும் சேர்த்தளந்தால் அயல்நிலங்களின் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே இம்முறை பிழையன்று. ஆனால், களை எடுப்போரும் கொழுந்து பறிப்போரும் நடப்பது படத்தின்மீதன்று.

30 பாகை சீராகச் சாய்ந்த ஒரு தேயிலை மலையைக் கொள்வோம். படத்தில் அதன் நீளம் 120 மீற்றர். சரிவுக்குக் குறுக்கான அகலம் 50 மீற்றர். இங்கு கிடைத்தூரம் அயற்பக்கம், சரிவுநீளம் செம்பக்கம். அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்துப் பெறும் விகிதமே கோசைன். 30 பாகையின் கோசைன் 0.866. ஆகவே,

சரிவுநீளம் = 120 ÷ 0.866 = 138.6 மீற்றர்.

அகலம் மாறாமையால் பரப்பும் அதே விகிதத்திற் பெருகும். படப்பரப்பு 6,000 சதுர மீற்றர். மேற்பரப்போ ஏறத்தாழ 6,930. மிகுதி 15 சதவீதத்துக்குச் சற்று மேல். சாய்வு 20 பாகையாயின் மிகுதி 6 சதவீதமளவே. 40 பாகையாயின் 30 சதவீதத்தையும் விஞ்சும்.

பரப்புக் கணக்கிற் களையெடுப்புக்குக் கொந்தரப்புப் பேசுமிடத்து, எந்தப் பரப்புக்குக் கூலி என்பது தெளிவாக்கப்படல் வேண்டும். படப்பரப்பே கொள்ளப்படின், மேற்கண்ட சரிவில் 900 சதுர மீற்றருக்கு மேற்பட்ட நிலம் கூலியின்றியே துப்புரவாகின்றது. நிலவுரிமையை அளக்கக் கிடைத்தூரம் தகும். உழைப்பை அளக்கவோ நாடாவைச் சரிவோடு பிடித்தல் வேண்டும்.